அறுவை மருத்துவத்திற்குப் பின் முதுகெலும்பைக் காத்தல்

கிராமங்களே நாட்டின் முதுகெலும்பு என்று மேடைதோறும் கூறுகிறோம். ஆனால் அக்கிராமங்களில் வாழும் மூதாட்டியரின் முதுகெலும்பைப் பற்றி நாம் எத்தனை முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம்? சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் முதலியவை ஊராட்சிக் கூட்டங்களில் இடம் பெறுகின்றன. கூன் விழுந்து, கோலூன்றி, வாசற்படியில் அமர்ந்திருக்கும் முதியவரைக் கண்டால் மட்டும், "வயதாகிவிட்டது" என்று கூறிக் கடந்துவிடுகிறோம். அக்கூன்களில் பல முதுமையின் அடையாளம் அல்ல. எலும்பு முறிவின் அடையாளம். மேலும் முறியாமல் தடுக்கக் கூடியவை அவை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடையஞ்சாவடியில் கண்டது

வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டில் அமைந்த சிற்றூர் இடையஞ்சாவடி. அங்கிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே சென்றால் கழுவேலி ஏரியையும், அதனை அடுத்து மரக்காணத்து உப்பளங்களையும் காணலாம். அவ்வுப்பளங்களில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உப்புக் கூடை சுமந்த அம்மையார் ஒருவர், முதிய வயதில் இடையஞ்சாவடியில் தம் மகன் வீட்டில் வாழ்ந்து வருகிறார். வீட்டுப் பணிகளைப் பார்வையிட நாம் அவ்வூருக்குச் சென்றபோது அவரைக் கண்டோம்.

ஒரு நாள் குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது அவர் முதுகில் "சுருக்" என்று வலி கண்டது. எழ முடியவில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றில் ஊசி வழியாக எலும்புச் சிமிட்டி செலுத்தி நசுங்கிய எலும்பைத் தாங்கச் செய்தனர். சில நாட்களில் வலி தணிந்தது; அம்மையார் நடந்தே வீடு வந்தார். வீட்டார் நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்தனர். மூன்று மாதம் சென்றபின், ஊற வைத்த துணி நிறைந்த வாளியைத் தூக்கினார். மீண்டும் அதே வலி. இம்முறை முறிந்தது முன்னர் முறிந்த எலும்பு அன்று. அதற்கு அடுத்த எலும்பு.

மருத்துவமனையில் கொடுத்த சீட்டைக் கேட்டோம். பெட்டியில், புடவைகளின் அடியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். எலும்பை வலுப்படுத்தும் மருந்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, மறுபரிசோதனைக்கு வர வேண்டிய நாள் ஆகிய மூன்றும் அதில் எழுதப்பட்டிருந்தன. ஒன்றும் நடைபெறவில்லை. "வலிதான் போய்விட்டதே ஐயா, பிறகு மாத்திரை எதற்கு என்று இருந்துவிட்டேன்" என்றார் அம்மையார். குற்றம் அவருடையது மட்டும் அன்று. அச்சீட்டைப் படித்துச் சொல்ல ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. அத்தகைய ஏற்பாடு வேண்டும் என்று நாமும் அதுவரை எண்ணியதில்லை.

நோய் யாது?

நம் எலும்பு உயிரற்ற கல் அன்று. பழைய எலும்பு கரைவதும் புதிய எலும்பு உருவாவதும் வாழ்நாள் முழுவதும் நடைபெறுகின்றன. இளமையில் ஆக்கம் மிகுதி. முதுமையில் அழிவு மிகுதி. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் அழிவு விரைவுறுகிறது. அப்போது எலும்பின் உட்பகுதி துளைகள் பெருகி, கறையான் அரித்த உத்தரம் போல் ஆகிவிடும். வெளித்தோற்றத்தில் மாற்றம் தெரியாது. இதனையே எலும்புப்புரை நோய் என்பர். மருத்துவர் ஆஸ்டியோபோரோசிஸ் என்று குறிப்பர். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா என்னும் கதிர்ச் சோதனையில், இளம் வயதினரின் சராசரியை விட 2.5 படியோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் இந்நோய் உள்ளது என்று உலக சுகாதார நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வரையறுத்தது.

இது செல்வந்தர் நோய் என்று எண்ணுதல் தவறு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், நகர்ப்புறம் சார்ந்த ஊர்களில் மாதவிடாய் நின்ற 150 பெண்களைச் சோதித்து 2008ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. உணவில் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவாகவே இருந்தது.

மெலிந்த உடல், இளம் வயதிலேயே சினைப்பைகளை அகற்றிய நிலை, புகையிலை, மது ஆகியவை இந்நோயை வளர்க்கும். ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உண்பவர்களுக்கும் இந்நோய் வரும். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் "வலி மாத்திரை"யில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதை ஊரார் அறிதல் வேண்டும். ஆயினும் ஏற்கெனவே உண்கிறவர்கள் அதனைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து. மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

ஒன்று முறிந்தால் அடுத்தது முறிவது ஏன்?

உப்பளத்தார்க்கு இதனை எளிதில் விளக்கலாம். பாத்தியின் வரப்பு ஓரிடத்தில் உடைகிறது. அவ்விடத்தைக் கெட்டியான களிமண்ணால் அடைக்கிறோம். வரப்பு முழுவதும் இற்றுப் போயிருந்தால், அடைத்த இடம் நிற்கும். அதன் பக்கத்திலுள்ள இடம் உடையும். முதுகெலும்பின் நிலையும் இதுவே. அறுவை மருத்துவம் ஒரு முள்ளெலும்பைத் தாங்குகிறது. நோயோ எல்லா எலும்புகளிலும் உள்ளது.

முள்ளெலும்பு ஒன்று முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஓராண்டிற்குள் மற்றொரு முள்ளெலும்பு முறிகிறது என்று 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. ஒன்று நசுங்கினால் உடல் முன்னே சாய்கிறது, சாய்ந்த உடலின் பாரம் அடுத்த எலும்பின் முன்விளிம்பில் விழுகிறது, அதுவும் நசுங்குகிறது. இவ்வாறே கூன் வளர்கிறது. நெஞ்சும் வயிறும் ஒடுங்கி, மூச்சும் உணவும் குறைகின்றன. நடை தளர்ந்து விழுந்தால் இடுப்பு எலும்பும் முறியும்.

சிமிட்டி செலுத்தும் முறை 1984ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் அமியான் நகரில் முதன்முதல் கையாளப்பட்டது. சிறு பலூனால் எலும்பை உயர்த்திப் பின் சிமிட்டி நிரப்பும் முறை 1998இல் அமெரிக்காவில் தொடங்கிற்று. இவை எல்லோருக்கும் வேண்டுவன அல்ல. 2009ஆம் ஆண்டில் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமிட்டி செலுத்தியவர்களுக்கும், செலுத்தியது போல் செய்து செலுத்தாமல் விட்டவர்களுக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தது. ஆதலின் மருந்தாலும் ஓய்வாலும் தணியாத கடும் வலி உள்ளவர்களுக்கே இம்முறையை மருத்துவர் தேர்ந்து செய்கின்றனர். நரம்பு நசுங்கினால் திருகாணி பொருத்தும் பெரிய அறுவை தேவைப்படலாம். சிமிட்டியின் கடினத்தால் அடுத்த எலும்பு முறிகிறதா, நோயாலேயே முறிகிறதா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், அறுவைக்குப் பின் நோய்க்கு மருத்துவம் தொடர வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. முதுகெலும்பு நசுங்குவதெல்லாம் எலும்புப்புரையால் அன்று. நம் நாட்டில் காசநோயும் முதுகெலும்பை அரிக்கும், புற்றுநோயும் அரிக்கும். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவு வியர்வை, படுத்தாலும் தணியாத வலி இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

முதற் பாடம்: மருந்தை விடாமை

எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள் பல இன்று உள்ளன. வாரம் ஒரு முறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை அவற்றுள் ஒன்று. அதனைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறும் தண்ணீருடன் விழுங்க வேண்டும். பின் அரை மணி நேரம் படுக்கவோ, தேநீர் அருந்தவோ, உண்ணவோ கூடாது. தவறினால் உணவுக்குழாய் புண்ணாகும். மருந்தும் உடலில் சேராது.

ஆண்டுக்கு ஒரு முறை இரத்தக்குழாய் வழியே செலுத்தும் சோலெட்ரோனிக் அமிலம் மற்றொன்று. 2007ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வில், மூன்றாண்டுக் காலத்தில் வெற்று மருந்து பெற்ற பெண்களில் நூற்றுக்கு 10.9 பேருக்குப் புதிய முள்ளெலும்பு முறிவு நேர்ந்தது. இம்மருந்தைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 3.3 பேருக்கே நேர்ந்தது. சிறுநீரகம் நன்கு வேலை செய்கிறதா, வைட்டமின் டி போதுமா, பல்லில் நோய் உண்டா என்று பார்த்த பின்னரே இதனைச் செலுத்துவர்.

பல முறிவுகள் நேர்ந்தவர்களுக்கு, புதிய எலும்பை வளர்க்கும் டெரிபாராடைடு என்னும் ஊசியை நாள்தோறும் போடுவது உண்டு. அதனை நிறுத்தியபின் வேறொரு மருந்தைத் தொடர்தல் வேண்டும். இன்றேல் வளர்ந்த எலும்பு மீண்டும் கரையும். ஆறு மாதத்திற்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் என்னும் ஊசியில் தவணை தவறுதல் பெருங்கேடு. மாற்று மருந்தின்றி நிறுத்தியவர்களில் சிலருக்குப் பல முள்ளெலும்புகள் அடுத்தடுத்து முறிந்துள்ளன. எம்மருந்து எவருக்கு ஏற்றது என்பது மருத்துவர் முடிவு. தவணை நாளை நினைவில் வைப்பது வீட்டார் கடமை.

இரண்டாம் பாடம்: உணவும் வெயிலும்

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. இதனை நம் அடுக்களையிலேயே பெரும்பகுதி பெறலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராமும், 100 கிராம் முருங்கைக் கீரையில் சுமார் 310 மில்லிகிராமும், 400 மில்லிலிட்டர் பால் அல்லது தயிரில் சுமார் 470 மில்லிகிராமும் உள்ளன. ஒரு கைப்பிடி எள்ளும் சேர்ந்தால் கணக்கு நிறைவுறும். முள்ளோடு உண்ணும் நெத்திலியும் நல்லது. பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றால் தசை வலுப்பெறும்; தசை வலுத்தால் எலும்பின் சுமை குறையும். உணவால் எட்டாத அளவை மருத்துவர் கூறும் மாத்திரையால் நிரப்பலாம்.

உப்பு விளையும் ஊரில் இதனையும் கூற வேண்டியுள்ளது. உப்பை மிகுதியாக உண்டால் சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் கழிந்துவிடும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்தல் நன்று.

வெயிலில் உழைப்பவருக்கு வைட்டமின் டி குறையுமா என்று கேட்கலாம். குறையும். உடல் முழுவதும் மூடிக் கொண்டு வேலை செய்தாலும், முதுமையில் வீட்டிற்குள்ளேயே முடங்கினாலும் குறையும். திருப்பதியில் நடந்த ஆராய்ச்சியில், முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை உள்ள வெயிலே தோலில் இச்சத்தை நன்கு உண்டாக்கும் என்று கண்டனர். இந்நேரத்தில் முகம், கை, முன்கால் ஆகியவற்றில் வெயில் படும்படி சிறிது நேரம் திண்ணையில் இருத்தல் போதும். நெடுநேரம் வெயிலில் நிற்றல் தீது.

மூன்றாம் பாடம்: குனியாமை

1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையார், முதுகெலும்பில் இந்நோயுற்ற 59 பெண்களை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 16 பேருக்குப் புதிய முறிவு கண்டது. முன்னே குனியும் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 89 பேருக்குக் கண்டது. ஆராயப்பட்டவர் சிலரே எனினும், வேறுபாடு மிகப் பெரிது. பயிற்சியே செய்யாதவர்களை விடவும் குனிந்தவர்கள் மிகுதியாகத் துன்புற்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

நம் ஊர்ப் பெண்களின் நாள் முழுவதும் குனிவே. குட்டை விளக்குமாற்றால் பெருக்குதல், கோலமிடுதல், அடுப்பூதுதல், நாற்று நடுதல், உப்பு வாருதல் எல்லாம் குனிந்தே நடைபெறுகின்றன. அறுவை ஆனவர் இவற்றை விடுதல் வேண்டும். விளக்குமாற்றுக்கு நீண்ட கைப்பிடி கட்டலாம். அடுப்பை மேடைமீது அமைக்கலாம். கோலத்தை மருமகளோ பேத்தியோ இடட்டும். குடம், வாளி, சாக்கு ஆகியவற்றைத் தூக்கலாகாது. கீழே விழுந்த சிறு பொருளை எடுக்க வேண்டின், முதுகை நேராக வைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, ஒரு கையால் நாற்காலியைப் பற்றிக் கொண்டு எடுத்தல் வேண்டும்.

பாயில் படுப்பதை விடக் கட்டிலில் படுப்பது நலம். எழும்போது நேராக நிமிர்ந்து எழாமல், உடலை ஒரே கட்டையாக ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். முதுகை மிதிக்கச் சொல்வதும், எண்ணெயிட்டு அழுத்தி நீவுவதும், நெட்டி முறிப்பதும் கூடவே கூடா. யோகாசனம் பயில்வோர் முன்னே வளையும் ஆசனங்களை விலக்குக.

ஆயினும் படுத்தே கிடத்தல் மருந்தன்று. படுக்கை எலும்பை மேலும் கரைக்கும். மருத்துவர் இசைவு தந்தபின் நாள்தோறும் நடக்க வேண்டும். சுவரில் முதுகு சாய்த்து நிமிர்ந்து நின்று, தோள்பட்டைகளைப் பின்னே இழுத்து, சிறிது நேரம் நிறுத்தி விடுதல் எளிய பயிற்சி. இடுப்புக் கச்சை கொடுத்திருந்தால், சொன்ன காலம் வரை மட்டும் அணிக; நெடுநாள் அணிந்தால் தசை வலுவிழக்கும்.

நான்காம் பாடம்: விழாமை

விழுதலைத் தடுத்தால் முறிவின் ஒரு பெருங்காரணம் நீங்கும். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு, கழிப்பறையில் கைப்பிடி, வழுக்காத தரை, உயர அமரும் இருக்கை ஆகியவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. கண்புரை இருந்தால் நீக்குதல் வேண்டும். தூக்க மாத்திரையும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் தலைச்சுற்றலை உண்டாக்கும். அதனை மருத்துவரிடம் கூறுக.

புதிதாகக் கடும் முதுகு வலி, கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றிப் போதல், அறுவை செய்த இடத்தில் சீழ், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. நோயாளியை இருசக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்து ஏற்றிச் செல்லாமல், 108 ஊர்தியை அழைத்துப் படுத்த நிலையில் கொண்டு செல்லுதல் வேண்டும். இப்பகுதியினர்க்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும், முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன.

ஊராட்சி செய்யத்தக்கவை

முதலாவது, அளவெடுத்தல். ஊராட்சி அலுவலகச் சுவரில் அளவுகோல் வரைந்து, அறுபது வயது கடந்தவர்களின் உயரத்தை ஆண்டுதோறும் குறித்து வைக்கலாம். இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முள்ளெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை மருத்துவர் பார்வைக்கு வராமலேயே போகின்றன. முதுகு வலி என்று தைலம் தடவி விட்டுவிடுகின்றனர்.

இரண்டாவது, சீட்டைப் படித்துச் சொல்லுதல். அறுவை முடிந்து ஊர் திரும்புவோரின் பெயரையும் மறுபரிசோதனை நாளையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவித்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், வீட்டிற்கே வந்து இயன்முறை மருத்துவம் அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதனைக் கேட்டறியலாம்.

மூன்றாவது, பணிப் பங்கீடு. ஊரக வேலைகளில் முதியவருக்கும் முறிவு நேர்ந்தவருக்கும் மண் கூடை தராமல், தண்ணீர் கொடுத்தல், குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளுதல் போன்ற வேலைகளை ஒதுக்கலாம்.

நான்காவது, குடிநீர்க் குழாய். குழாய் வாசலுக்கு வந்தால், குடம் இடுப்பை விட்டு இறங்கும். குடிநீர் வேலையும் ஓர் எலும்பு மருத்துவமே.

ஐந்தாவது, இளையோர். முப்பது வயது வரை சேரும் எலும்பே முதுமையின் சேமிப்பு. பள்ளிச் சிறுமியர்க்குப் பாலும் கேழ்வரகும் கீரையும் விளையாட்டும் குறைவறக் கிடைக்கச் செய்தல் இந்நோய்க்குச் சிறந்த தடை.

இடையஞ்சாவடி அம்மையாருக்கு இப்போது மருந்து தவறுவதில்லை. தவணை நாளை அவர் பேத்தி நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். அவருடைய உயரமும் கதவு நிலையில் கோடிட்டுக் குறிக்கப்பட்டுள்ளது. நிமிர்ந்த முதுகு அவருக்கு இனித் திரும்பாது. ஆனால் மேலும் வளையாமல் காக்கலாம். அக்கோடு கீழிறங்காதிருப்பதே இம்மருத்துவத்தின் பயன். நம் ஊர்களில் பெட்டிக்குள் மடித்து வைத்த மருத்துவச் சீட்டுகள் இன்னும் எத்தனை இருக்குமோ? ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் வீடு வீடாகச் சென்று, அவற்றை வெளியே எடுக்கச் செய்வார்களாக.